டேபிள் சா கார்டை ஒழுங்கா வச்சிருக்குற ஒர்க்‌ஷாப், சுங்கை காடுட்

சிங்கப்பூர் எச்டிபி அடுக்குமாடி வீட்ல டேபிள் சா (மேசை நடுவுல வட்ட பிளேடு சுத்தி மரம் அறுக்குற மெஷின்) ஓட்டுனா பக்கத்து வீட்டுக்காரங்க சும்மா விடமாட்டாங்க, அதனால மணிக்கணக்குல வாடகைக்கு விடுற ஒர்க்‌ஷாப்தான் நமக்கெல்லாம் வழி. சுங்கை காடுட்ல நான் போற இடத்த தாராளமா சிபாரிசு பண்ணுவேன், காரணம் அங்க இருக்குற 10 இன்ச் டேபிள் சாவோட கார்டு, அதாவது பிளேடை மூடுற பாதுகாப்பு கவர்.

முன்னாடி போன இடத்துல கார்டு தூசி படிஞ்சு சுவத்து ஆணியில தொங்கும், கேட்டா இடைஞ்சலா இருக்குன்னுவாங்க. இங்க கார்டு மெஷின்லதான் இருக்கு, ரெண்டு பக்கமும் தனித்தனியா தூக்கிக்கிற பிளாஸ்டிக் கவர், கீறல் விழுந்து மங்கிப்போனா மாத்திடுறாங்க. பென்சில் கோடு கண்ணுக்கு தெரியலைன்னாத்தான் ஆளுங்க கார்டை கழட்ட ஆரம்பிக்கிறாங்க, அது இவங்களுக்கு புரிஞ்சிருக்கு.

பிளேடுக்கு பின்னாடி ரைவிங் நைஃப்ங்கிற தகடு எப்பவும் நிக்குது. கை வெட்டுப்படுறது மட்டும்தான் ஆபத்துன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்லங்க. நீளவாக்குல அறுக்கும்போது மரத்துக்குள்ள இருக்குற இறுக்கம் விட்டு ரெண்டு பாதியும் சேர்ந்து பிளேடோட பின்பக்கத்த கவ்விடும், அங்க பல்லு மேல ஏறி வர்றதால பலகைய தூக்கி நம்ம வயித்துக்கே அடிக்கும், அதான் கிக்பேக். அந்த பிளவு மூடாம பாத்துக்கிறதுதான் நைஃபோட வேலை. அதோட தடிமன் பிளேடு தகட்ட விட கூடவும் அறுப்பு அகலத்த விட கம்மியாவும் இருக்கணும். ஒரு பையன் சொந்த பிளேடு கொண்டு வந்தான், அங்க இருக்குற அண்ணன் கேலிப்பர் வச்சு அளந்துட்டு "தம்பி, நைஃப் 2.2 எம்எம், உன் பிளேடு அறுக்குறதே 2 எம்எம்தான், மரம் பாதியில நைஃப்ல முட்டி நின்னுடும், வேணாம்பா"ன்னு கடை பிளேடையே மாட்டி குடுத்தார்.

சாஸ்டாப் மெஷின் இங்க இல்ல. தோல் பட்டதும் 5 மில்லி செகண்டுக்குள்ள பிளேடை நிறுத்துற அருமையான சாமான்தான் அது, ஆனா கிக்பேக்க அந்த பிரேக் தடுக்காது, அதுலயும் கார்டும் நைஃபும் வேணும்.

குறைன்னா, ஒல்லியான பட்டை அறுக்க கார்டு இருந்தா புஷ் ஸ்டிக் (மரத்த தள்ளுற குச்சி) நுழையாது, பேண்ட் சாவுக்கு (நாடா மாதிரி பிளேடு ஓடுற மெஷின்) போங்கன்னுடுவாங்க, அது ஒண்ணே ஒண்ணுதான், சனி ஞாயிறு காத்துக் கிடக்கணும். பள்ளம் எடுக்க கவரை கழட்டணும்னா அவங்களே வந்து கழட்டி நைஃப பிளேடு உயரத்துக்கு கொஞ்சம் கீழ இறக்கி வச்சுட்டு போவாங்க, வேலை முடிஞ்சதும் திரும்ப மாட்டிடுவாங்க. வார நாள் சாயங்காலம் போறது நல்லது, செருப்போட போனா உள்ள விடமாட்டாங்க.