மெட்ராஸ் ஐ இல்லை, அலர்ஜி: நாகர்கோவில் கண் கிளினிக் அனுபவம்

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். 9 மணிக்கு டோக்கன் போட்டு உட்கார்ந்தால் உள்ளே கூப்பிட பதினொன்றரை ஆகிவிட்டது, பைக் நிறுத்தவும் இடமில்லை. ஒரு ஸ்டார் அதற்கே போச்சு.

எங்கள் பையனுக்கு 8 வயசு. மாசி பிறந்தாலே கண்ணைக் கசக்க ஆரம்பித்துவிடுவான், பங்குனி, சித்திரையில் சொல்லவே வேண்டாம். பள்ளிக்கூடத்தில் மெட்ராஸ் ஐ என்று இரண்டு தடவை வீட்டுக்கு அனுப்பினார்கள், அம்மா வேறு அவன் துண்டைத் தனியாக வைத்துவிட்டு "கண்ண கசக்காத மக்களே" என்று பின்னாலேயே நடந்தார். நானோ பக்கத்து மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து கேட்டு வாங்கி, போட்ட மறுநாளே கண் வெளுத்துவிடுகிறதே என்று மூன்று மாசம் அதையே திரும்பத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் முதலில் கேட்டது, "அரிக்குதா, உறுத்துதா?" அரிப்புதான் என்றான். தாடையை மெஷினில் வைக்கச் சொல்லி, பஞ்சுக்குச்சியால் மேல் இமையைப் புரட்டி என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். உள்பக்கம் முழுக்கக் கூழாங்கல் பதித்த மாதிரி தட்டைத் தட்டையாக மொட்டுகள்! கண் அலர்ஜியில் சீசனுக்கு வந்து போவது, தூசியால் வருஷம் முழுக்க இருப்பது எல்லாம் பெரும்பாலும் லேசான வகையாம். இவனுக்கு வெர்னல் என்கிற கடுமையான வகை, ஆண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம், விட்டால் கருவிழி புண்ணாகும். மஞ்சள் சாயம் விட்டு நீல லைட்டில் பார்த்தார், நல்லவேளை புண் இல்லை. சட்டைக் காலர்தான் மஞ்சளாகிவிட்டது. இது ஒட்டாது, துண்டைப் பிரிக்க வேண்டாம் என்று அம்மாவுக்கும் சேர்த்துச் சொல்லி, பள்ளிக்கு ஒரு சீட்டும் எழுதித் தந்தார்.

அப்புறம் அந்தப் பழைய பாட்டிலைத் திருப்பிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. ஸ்டீராய்டு, தொடர்ந்து விட்டால் கண் பிரஷரை ஏற்றிவிடுமாம். உடனே கண் பிரஷர் எடுத்தார்கள்: 21க்குள் இருக்க வேண்டியது 24. அதை நிறுத்திவிட்டு, அரிப்புக்கு ஓலோபட்டாடின் சொட்டு இரண்டு வேளை, அலர்ஜியை அடக்க சைக்ளோஸ்போரின் சொட்டு, குளிர்ந்த தண்ணீர் ஒத்தடம். சைக்ளோஸ்போரின் எரிகிறது என்று முதல் வாரம் வீட்டைச் சுற்றி ஓடினான், பிடித்து வைத்துப் போட இரண்டு பேர் வேண்டியிருந்தது. கசக்கிக் கசக்கியே கருவிழி கூம்பாகிவிடும் என்று டாக்டர் சொன்னதில்தான் பயல் கொஞ்சம் அடங்கினான்.

ஒரு மாசம் கழித்துப் பார்த்தபோது பிரஷர் 17. அரிப்பு முழுசாகப் போகவில்லை, வளர வளரக் குறையுமாம். போகிறவர்கள் வீட்டில் கிடக்கும் பழைய பாட்டிலையும் எடுத்துப் போங்கள், சனிக்கிழமை மட்டும் வேண்டாம்.