தையல் மேசையில் லக்ஸ் மீட்டர்: மூன்று வருட அனுபவம்

கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் ஹெம்மிங் செய்பவர்களுக்குத்தான் தெரியும், கண் படும் பாடு. ராத்திரி பிளவுஸ் தைக்க உட்கார்ந்தால் அரை மணியில் நெற்றி வலிக்கும். 9 வாட் எல்இடி பல்பைக் கழற்றி 12 போட்டேன், பிறகு 15. வலி போகவில்லை. கடைசியில் 1,500 ரூபாய்க்குள், வெளிச்சத்தை அளக்கும் ஒரு லக்ஸ் மீட்டர் வாங்கினேன்.

வாட் என்பது பல்பு இழுக்கும் கரண்டின் கணக்கு. எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்பதை லுமென்தான் சொல்லும். அட்டைப்பெட்டியில் பொடி எழுத்தில் இருக்கும். பழைய 60 வாட் குண்டு பல்பு தந்த 700 சொச்சம் லுமெனை இன்று 7, 8 வாட் எல்இடியே தந்துவிடும். ஆனால் லுமென் பல்போடு நின்றுவிடுகிறது. என் ஊசி முனைக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்பதுதான் லக்ஸ்: ஒரு சதுர மீட்டரில் ஒரு லுமென் விழுந்தால் ஒரு லக்ஸ். டார்ச் அட்டையில் வரும் கேண்டெலா, ஒரு திசையில் ஒளி எவ்வளவு வலுவாகப் பாய்கிறது என்பதைக் குறிக்கும். ஒரு மெழுகுவர்த்தி ஏறக்குறைய ஒரு கேண்டெலா.

மீட்டரின், ஒளியை உணரும் வெள்ளைக் குமிழை மெஷினின் ஊசித் தட்டில் வைத்தேன். 15 வாட் பல்புக்கு 120 காட்டியது. தைக்கிற மாதிரி குனிந்தேன், 45. அவ்வளவு நாளும் என் தலை நிழலில்தான் தைத்திருக்கிறேன்! படிக்க, எழுதவே 300 முதல் 500 லக்ஸ் வேண்டும். நுண்தையலுக்கு அதைவிட அதிகம்.

பழைய 9 வாட் பல்பையே மறுபடி மாட்டி, ஒயரை நீட்டி, 4 அடி உயரத்திலிருந்து 2 அடிக்கு இறக்கினேன். 75 லக்ஸ் 290 ஆனது. தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்கு. அப்படிப் பார்த்தால் 300 வர வேண்டும்; கலந்திருக்கும் சுவரொளி, பல்பை இறக்கினாலும் அந்த அளவுக்குக் கூடாததால் கொஞ்சம் குறைந்தது. இடப்பக்கம் இன்னொரு பல்பும் சேர்த்தபின் குனிந்தாலும் 500 நிற்கிறது. நெற்றி வலி அந்த மாதமே விட்டது.

நிறத்தை மட்டும் இந்த மீட்டர் சொல்லாது. 500 லக்ஸில் மெரூன் பட்டுக்குப் பொருத்தி எடுத்த நூல், காலை வெயிலில் பழுப்பாகத் தெரிந்தது, பிரித்துத் தைத்தேன். அதற்கு சிஆர்ஐ (பல்பின் ஒளியில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதன் மதிப்பெண், அதிகபட்சம் 100) பார்க்க வேண்டும். 80 இருந்த பல்பை மாற்றி 90க்கு மேல் உள்ளதைப் போட்டேன்.

9 வோல்ட் பேட்டரியை இதுவரை இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். ஜன்னலோரம் அளக்கும்போது திரையில் வெறும் 1 நின்றால் பழுது என்று பயப்படாதீர்கள், வெளிச்சம் மீட்டரின் அப்போதைய அளவெல்லையைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்; ரேஞ்சை ஒரு படி ஏற்றுங்கள். வாங்கும்போது குமிழுக்கு மூடி இருக்கிறதா என்று பாருங்கள். தையல் தூசு படிந்தால் அளவு குறைத்துக் காட்டும்.