பறவை வீட்டுக்கு விருந்தாளியாக: ஊசுட்டேரியா, பிச்சாவரமா?

பறவை பார்க்கப் போகும்போது, அழைக்காமல் போகிற விருந்தாளி நாம். முறை தெரிந்துதான் போகவேண்டும்.

புதுச்சேரி அரசு 2008இல் சரணாலயமாக அறிவித்த ஊசுட்டேரி, திண்ணை வைத்த வீடு மாதிரி. முதன்முறை போகிறவர்களுக்கு இதுவே நல்லது. நவம்பர் முதல் பிப்ரவரிக்குள், காலை ஆறரைக்கே கரையில் இருங்கள். வெயில் முதுகில் விழும்படி நின்றால் இறகின் நிறம் தெளிவாகத் தெரியும். வெள்ளைச் சட்டை வேண்டாம். காக்கியோ மங்கிய பச்சையோ போதும். நாமக்கோழிகள் (நெற்றி வெளுத்த கறுப்பு நீர்ப்பறவைகள்) மேய்வதை விட்டுத் தலைதூக்கி, எல்லாம் ஒரே பக்கமாக நீந்தி விலகினால், “அங்கேயே நில்லுங்கள்” என்று பொருள். அப்படியே உட்கார்ந்துவிடுங்கள். பத்து நிமிடம் அசையாமல் இருந்தால் பெரும்பாலும் மறுபடி மேயத் தொடங்கும். இன்னும் ஓர் அடி வைத்தால் கூட்டமே தண்ணீரை மிதித்து ஓடி எழும்பும். பாவம், தின்றதெல்லாம் அந்த ஓட்டத்திலேயே செலவாகிவிடும். கையில் பலகாரம் கொண்டுபோகிற வழக்கம் இங்கே கூடாது. பொரி, முறுக்கு எதையும் வீசாதீர்கள்.

சிதம்பரம் பக்கத்து அலையாத்திக் காடான பிச்சாவரத்தில் நேரே உள்கட்டுக்குள் நுழைகிறோம், அதுவும் படகில். துடுப்புப் படகே எடுங்கள். மோட்டார் சத்தம் கேட்டால் வளைவு திரும்பும் முன்பே மீன்கொத்தி பறந்துவிடும். கடல்நீர் வற்றும் நேரம் கேட்டுப் போங்கள். சேறு வெளியே தெரிந்தால்தான் உள்ளான் என்ற கரைப்பறவை இரைக்கு இறங்கும். அலையாத்தி மரமான சுரபுன்னையின் வேரைப் பிடித்து இழுக்காதீர்கள். கிளை ஆடினால் மேலே உட்கார்ந்திருக்கும் கொக்கு கிளம்பிவிடும்.