ஏர் கன்னு இழுக்கலையா? டேங்க் மீட்டரை நம்பாதீங்க, கன்னு வாலுல பாருங்க

நம்ம ஏர் கன்னு, அதான் கம்ப்ரசர் காத்துல ஓடி வீல் நட்டை அடிச்சுக் கழட்டற துப்பாக்கி மாதிரி மெஷின், ரிப்பேர் முடிஞ்சு இப்பதான் கைக்கு வந்துச்சு. அதே நேரம் பரமத்தி ரோட்டுல கடை போட்டிருக்க பங்காளி ஒருத்தர், "புதுசா வாங்குன அரை இஞ்ச் கன்னு பிக்கப் நட்டையே கழட்ட மாட்டேங்குது, கடைக்காரர் முக்கா இஞ்ச் எடுத்துக்கங்கறார், எடுக்கட்டுமா"ன்னு கேட்டிருந்தார். (அரை, முக்காங்கறது, நட்டு மேல மாட்டற பாக்ஸைக் கோக்கற முன்னாடி சதுரத்தோட அளவு.) வேணாம் பங்காளி, காசை வச்சுக்கங்க. ரெண்டையும் சேர்த்தே எழுதிடறேன், டயர் கடை வச்சிருக்க மத்தவங்களுக்கும் ஆகும்.

என்கிட்ட இருக்கறது முக்கா இஞ்ச், ட்வின் ஹேமர், அதாவது உள்ள ரெண்டு சுத்தியல் அடிக்கற ரகம். கம்ப்ரசர் 5 எச்பி, டேங்க் 220 லிட்டர். வர்ற வண்டியெல்லாம் 407, ஐஷர், தோஸ்த் இந்த மாதிரி லோடு வண்டிங்க. கன்னு நல்ல கன்னுங்க, அதுல மாத்துக் கருத்தே இல்ல. அடி விழற சத்தமே கெட்டியா இருக்கும். காத்து கைப்பிடிக்கு அடியில வெளிய போறதால வீல்ல இருக்க புழுதி மூஞ்சில அடிக்காது, நாள் பூரா குனிஞ்சு வேலை செய்யறவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு செஞ்சவனுக்குத்தான் தெரியும்.

ஆனா ஒரு விஷயம் மட்டும் இன்னைக்கு நெனச்சாலும் எனக்கு ஆத்திரம் வருது. பெட்டி மேல பெரிய எழுத்துல 1600 என்எம்னு (நியூட்டன் மீட்டர், முறுக்கற பலத்தோட அளவு) போட்டிருக்கான். உள்ள இருக்க சின்ன புக்ல, காத்து 6.3 பார் வேணும், அதாவது நம்ம கணக்குல 90 பவுண்டு (பிஎஸ்ஐ) சொச்சம், ஹோஸ் உள்விட்டம் 13 எம்எம்முக்குக் குறையக்கூடாதுன்னு அவனே எழுதியிருக்கான். எழுதிட்டு அதே பெட்டிக்குள்ள என்ன நிப்பிள் (கன்னை ஹோஸோட சேர்க்கற முனை) போட்டுக் குடுக்கறான்னா ரெண்டு நூல், அதாவது கால் இஞ்ச் சைஸ் நிப்பிள்! கன்னு பக்கம் திரெட்டு மூணு நூல், ஆனா மாட்டற பக்கம் ரெண்டு நூல், அந்த ஓட்டையில பென்சிலை விட்டுப் பாருங்க, நுழையாது. விக்கறவங்களும் அதுக்குத் தோதா 8 எம்எம் மஞ்ச ஹோஸ் ஒரு சுருள் ஃப்ரீன்னு குடுத்து அனுப்பறாங்க. கெணத்துல ஏழரை எச்பி மோட்டாரை எறக்கிட்டு அரை இஞ்ச் பைப்புல தண்ணி எடுத்துக்கன்னு சொல்ற மாதிரிதான் இது.

எனக்கு இது பிடிபட்டது ஒரு கேஜ் (பிரஷர் மீட்டர்) போட்டப்பதான். கன்னுக்கு வால்ல, அதாவது காத்து உள்ள போற பக்கம், நிப்பிளுக்கும் கன்னுக்கும் நடுவுல ஒரு டீ (மூணு வாய் இருக்க பைப் துண்டு) போட்டு அதுல சின்ன கேஜ் மாட்டுனேன். ட்ரிக்கர் அமுத்தறதுக்கு முன்னாடி டேங்க்லயும் 120, கன்னு வால்லயும் 120. ட்ரிக்கரை அமுத்துனதும் வால்ல இருக்க முள்ளு சரசரன்னு எறங்கி 55ல போய் நின்னுச்சு, டேங்க் முள்ளு அசையவே இல்ல. இதுதாங்க மொத்த சமாச்சாரமும். காத்து ஓடாம நிக்கறப்ப எங்க வச்சுப் பார்த்தாலும் ஒரே பிரஷர்தான் காட்டும், அது பொய்யும் இல்ல, ஆனா அதை வச்சு நட்டு கழட்ட முடியாது. காத்து ஓடும்போது கன்னு வாசல்ல 90 பவுண்டு நிக்குதாங்கறதுதான் கணக்கு, பெட்டியில போட்டிருக்க 1600ம் அந்தக் கணக்குக்குத்தான், அதுவும் பெரும்பாலும் கழட்டற பக்கத்துக்குச் சொல்ற உச்சபட்ச நம்பர்.

ஹோஸ் கொஞ்சம் சன்னமானா என்ன ஆகப்போகுதுன்னு நெனைப்போம். விட்டம் பாதியானா அதே காத்துக்கு உண்டாகற பிரஷர் இழப்பு கிட்டத்தட்ட 32 மடங்கு ஆகுது. 13க்கு பதிலா 8 போட்டா 11 மடங்கு. அதனால அரை இஞ்ச் கன்னுக்கு 10 எம்எம், முக்கா இஞ்சுக்கு 13, ஒரு இஞ்ச் கன்னுக்கு 19, இதுக்குக் கீழ எறங்காதீங்க. தூரம் கூடினா ஒரு சைஸ் பெருசு போடுங்க. கம்ப்ரசர்ல இருந்து இரும்பு பைப் இழுத்து வேலை செய்யற இடத்துக்குப் பக்கத்துல கொண்டாந்து வச்சுட்டு, அங்கிருந்து 10 மீட்டர் ஹோஸ் மட்டும் விட்டா உத்தமம். சுருள் ஹோஸைத் தொடவே தொடாதீங்க. கப்ளரும் (நிப்பிள் போய் மாட்டற ஹோஸ் முனை) நிப்பிளும் ஹை ஃப்ளோ, அதாவது ஓட்டை பெருசா இருக்க மாடல் கேட்டு வாங்குங்க, ஹோஸை மாத்திட்டு பழைய கப்ளரை விட்டா பாதி வேலைதான் ஆகும். நான் ஹோஸ், கப்ளர், நிப்பிள் மூணையும் மாத்துன பிறகு அதே கேஜ்ல ட்ரிக்கர் அமுத்தினப்ப 90 நின்னுச்சு. அன்னைக்கு வந்த 407ல துருப்பிடிச்சு ஆளு பைப்பு போட்டு ஏறி மிதிச்சும் அசையாத நட்டு, டகடகன்னு நாலு அடியில சுத்திட்டு வந்துச்சு. பையன் சிரிச்ச சிரிப்பை நீங்க பார்த்திருக்கணும்.

கம்ப்ரசர் பத்தி ஒண்ணே ஒண்ணு. 1 எச்பிக்கு 90 பவுண்டுல சுமார் 4 சிஎஃப்எம்தான் (நிமிஷத்துக்கு இத்தனை கன அடி காத்துன்னு கணக்கு) உருப்படியா வரும். போர்டுல போட்டிருக்க டிஸ்ப்ளேஸ்மென்ட் நம்பர் (பிஸ்டன் இழுக்கற காத்தோட கணக்கு) அதைவிட கூட இருக்கும், அதை நம்பி கணக்குப் போடாதீங்க. கன்னுக்குப் போட்டிருக்க சிஎஃப்எம்மும் விட்டுவிட்டு அமுத்தற சராசரிதான், விடாம அமுத்தினா அதுக்கு மூணு நாலு மடங்கு இழுக்கும். அதனால ஒரு வீல் முடிச்சு அடுத்த வீலுக்குப் போறப்ப கம்ப்ரசர் ஏறட்டும், கொஞ்சம் நில்லுங்க. பெல்ட்டு லூஸ், ஏர் ஃபில்டர் அடைப்பு இதெல்லாம் சொல்லாமலே தெரியும்.

எக்ஸ்டென்ஷன் ராடு போட்டீங்கன்னா அது அடியை வாங்கிக்கும், ரெண்டு போட்டா நட்டுக்கு ஒண்ணும் போய்ச் சேராது. பாக்ஸ் உள்ள தேஞ்சு லொடலொடன்னு ஆடுனாலும் அதே கதைதான். கறுப்பு இம்பாக்ட் பாக்ஸ் மட்டும் போடுங்க. வெள்ளை குரோம் பாக்ஸ் வெடிச்சுத் தெறிச்சா கண்ணு போயிடும், இதை எத்தனை தடவை வேணா சொல்வேன். இழுக்கலைன்னு ரெகுலேட்டரைத் திறந்து 150 குடுக்கறவங்களும் இருக்காங்க, தயவுசெஞ்சு வேணாம், ஹேமரும் முன்னாடி சதுரமும்தான் உடையும். அஞ்சாறு செகண்ட் அடிச்சும் அசையலைன்னா மேல அமுத்திப் புண்ணியமில்ல, துருவுக்கு ஆயிலை ஊத்தி ஊற வைங்க. இவ்வளவு பலமும் கழட்டறதுக்குத்தான் வேணும். மாட்டறப்ப கன்னால லேசா ஓட்டிட்டு கடைசி முறுக்கு டார்க் ரெஞ்சுலதான், இல்லைன்னா ஸ்டட்டு நீண்டுபோய் ரோட்டுல வீல் கழண்டு ஓடும், அந்த வண்டியில ஒரு குடும்பம் இருக்குங்க.

இப்ப ரிப்பேர் கதை. மழை மாசத்துல டேங்க்ல தண்ணி நிறைய சேரும், தினமும் அதைத் திறந்து வெளிய விட்டும் கொஞ்சம் ஹோஸ் வழியா வந்துடுது. கைப்பிடிக்கு அடியில மோரு மாதிரி வெள்ளையா ஆயில் கசிஞ்சா உள்ள தண்ணி போயிருச்சுன்னு அர்த்தம். தினம் காலையில ஏர் டூல் ஆயில் நாலஞ்சு சொட்டு விட்டு ஓட்டிருவோம், என்ஜின் ஆயில் விட்டா கெட்டியாகி, உள்ள காத்து தள்ளிச் சுத்தற பிளேடு ஒட்டிக்கும். அப்படிப் பார்த்தும் ரோட்டர்ல இருக்க பிளேடுங்க தேஞ்சுதான் போச்சு, அது தேயற சாமான்தான், அதுக்கு கம்பெனியைக் குத்தம் சொல்லல. ஆனா சர்வீஸ்ல கேட்டா பிளேடு தனியா தரமாட்டோம், மோட்டார் செட்டே மாத்துங்கன்னாங்க, அந்தக் காசுக்கு பாதிக் கன்னு வாங்கலாம். சேலத்துல ஒரு பழைய மெக்கானிக் பிளேடை மட்டும் தேடி வாங்கிப் போட்டுக் குடுத்தார், இப்ப புதுசு மாதிரி அடிக்குது.

பங்காளி, உங்க கன்னை மாத்தாதீங்க. ஹோஸும் கப்ளரும் மாத்துங்க, டீயும் கேஜும் நான் தர்றேன், மாட்டிப் பார்த்துட்டு சொல்லுங்க.

இந்தக் கன்னை மறுபடி வாங்குவியான்னா, மாட்டேன். என் கைக்கு வந்ததுலயே நல்ல கன்னு இதுதான், இருந்தாலும் மாட்டேன். 13 எம்எம் வேணும்னு தெரிஞ்சே ரெண்டு நூல் நிப்பிளைப் பெட்டியில போடறவனுக்கு, நாலு பிளேடைத் தனியா விக்க மனசு வராதவனுக்கு, என் காசு இன்னொரு தடவை போகாது.