46-லா, 62-லா: தாமதமாக வந்த இரண்டு முதல் ஆல்பங்கள்

நியூயார்க்கின் புரூக்ளினில் உள்ள டாப்டோன் இசை நிறுவனம் வளர்த்த இரண்டு சோல் குரல்கள் (சோல்: கறுப்பின அமெரிக்கர்களின் உணர்ச்சி பொங்கும் பாட்டு வகை). யாரிடம் தொடங்கலாம்?

ஷரன் ஜோன்ஸின் முதல் ஆல்பம் 2002-ல் வந்தபோது அவருக்கு வயது 46. அதற்கு முன் நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலர் வேலையும் பார்த்திருக்கிறார். பாட்டு எல்லாம் ஃபங்க் என்கிற துள்ளும் தாள இசை. சமைத்துக்கொண்டே கேட்டால் கரண்டியும் சேர்ந்து ஆடும்.

சரி, சார்லஸ் பிராட்லி? 2011-ல் ‘நோ டைம் ஃபார் ட்ரீமிங்’ வெளியானபோது அவருக்கு 62. பல வருடம் சமையல்காரர்; அப்புறம் கிளப்புகளில் ‘பிளாக் வெல்வெட்’ என்ற பெயரில் புகழ்பெற்ற சோல் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் வேடம். பிறர் குரலிலேயே அத்தனை காலம் பாடியவர், சகோதரர் கொல்லப்பட்டதைச் சொந்தக் குரலில் பாடும்போது தொண்டை கிழிகிறது. இதைக் கேட்கக் கதவைச் சாத்திவிட்டு உட்கார வேண்டும்.

என் ஓட்டு பிராட்லிக்கு. கல்யாண வீட்டுக்கு என்றால் மட்டும் ஜோன்ஸ்.