பக்கத்து மைதானத்தில் ஓர் ஆட்டமா, தூரத்தில் இரண்டு ஆட்டமா?

நியூ ஜெர்சியின் எடிசனில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து, பிஸ்கட்டவேயில் இருக்கும் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் சாஃப்ட்பால் (பேஸ்பால் குடும்பத்து ஆட்டம்) மைதானம் கால் மணி நேரத் தொலைவு. யூயிங்கில் இருக்கும் காலேஜ் ஆஃப் நியூ ஜெர்சி, எல்லோரும் டிசிஎன்ஜே என்று சொல்லும் கல்லூரி, ரூட் 1 பிடித்துப் போனால் முக்கால் மணி நேரம். வழியில் நெரிசல் இருந்தால் ஒரு மணி நேரம். மூன்று வசந்தங்கள் பக்கத்தில் இருந்ததையே பார்த்தோம். போன வசந்தத்தில் தூரத்து மைதானத்துக்கு மாறினோம். "பிஸ்கட்டவேயிலேயே பெரிய பல்கலைக்கழகங்களின் பிக் டென் லீக் ஆட்டம் நடக்கும்போது எதற்காக யூயிங் வரை போகிறீர்கள்?" என்று கேட்காத நண்பர்கள் இல்லை. அவர்களுக்கும், வாரத்தில் ஒரு சனிக்கிழமையை மட்டும் சாஃப்ட்பாலுக்கு ஒதுக்க முடிகிற மற்றவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் மகளுக்குப் பதின்மூன்று வயது. ஊர் லீக்கில், மட்டையாளருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சராக ஆடுகிறாள். அவளால்தான் எங்களுக்கும் இந்த ஆட்டம் பழக்கமானது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு, கையைக் காற்றாடி போல ஒரு முழுச் சுற்றுச் சுற்றி இடுப்புக்குக் கீழிருந்து பந்து வீசுவது முதலில் விளையாட்டுத்தனமாகத் தெரிந்தது. பந்து வீசும் பிட்சர் நிற்கும் இடத்துக்கும் மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 43 அடிதான், பந்து வந்து சேர அரை வினாடிகூட ஆவதில்லை என்பது புரிந்தபிறகு மரியாதை வந்துவிட்டது.

ஆட்டத்தின் தரத்தில் ரட்கர்ஸ்தான் மேல். அதில் விவாதமே இல்லை. 2014 முதல் பிக் டென்னில் ஆடுகிற அணி அது. 2024-இல் யுசிஎல்ஏ, வாஷிங்டன், ஓரிகன் எல்லாம் அதே லீக்கில் சேர்ந்துவிட்டதால், தொலைக்காட்சியில் மட்டும் பார்த்த அணிகள் நம் பக்கத்து ஊருக்கே வந்து ஆடும் வாய்ப்பு இருக்கிறது. டிசிஎன்ஜே, கல்லூரி விளையாட்டின் மூன்று பிரிவுகளில் கடைசியான மூன்றாம் பிரிவு. அந்தப் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. நாளை ஆசிரியையாகவோ நர்ஸாகவோ போகப்போகிற பெண்கள், படிப்புக்கு நடுவே ஆடுகிறார்கள். அதற்காக லேசான அணி என்று நினைக்க வேண்டாம். டிரென்டன் ஸ்டேட் என்று பெயர் இருந்த காலத்திலிருந்து 1996 வரை ஆறு முறை தேசிய சாம்பியன் பட்டம் வென்ற கல்லூரி இது. அந்த வெற்றிகளில் பெரும்பாலானவற்றை ஈட்டித் தந்த பயிற்சியாளர் ஜூன் வாக்கரின் பெயரைத்தான் மைதானத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

நிறுத்துமிடம், கழிப்பறை, தின்பண்டம் ஆகியவற்றில் பெரிய மைதானம் பெரிய மைதானம்தான். யூயிங்கில் சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போய்விடுவோம். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் ஆறிப்போனாலும் ருசி கெடாது.

வித்தியாசம் அட்டவணையில் இருக்கிறது. பிக் டென்னில் ஒரே எதிரணியோடு வெள்ளி, சனி, ஞாயிறு என்று நாளுக்கு ஓர் ஆட்டமாக மூன்று ஆட்டங்கள். வெள்ளிக்கிழமை மாலை எங்களால் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை மகளுக்கே ஆட்டம் இருக்கும். ஆக, எங்களுக்குக் கிடைப்பது நடுவில் வரும் ஒன்று. டிசிஎன்ஜே ஆடும் லீக்கில் ஒவ்வோர் எதிரணியோடும் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். டபுள்ஹெடர் என்பார்கள். ஒரு மணிக்குத் தொடங்கினால் முதல் ஆட்டம் மூன்று மணிவாக்கில் முடியும். அரை மணி நேர இடைவெளி. பிறகு அதே இரண்டு அணிகள், அதே மைதானத்தில், மறுபடியும் ஏழு இன்னிங்ஸ் கொண்ட ஒரு முழு ஆட்டம்.

இந்த ருசி எங்களுக்குப் பிடித்துப்போனதே ரட்கர்ஸில்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வார இறுதியில் ஞாயிறன்று மழை வரும் என்று தெரிந்து, இரண்டு ஆட்டங்களையும் சனிக்கிழமையே வைத்துவிட்டார்கள். முதல் ஆட்டம் முடிந்ததும் கிளம்புவதாக இருந்தோம். மகள் எழுந்திருக்கவில்லை. "அம்மா, இனிமேல்தான் நிஜமான ஆட்டம். அந்த பிட்சரை இவர்கள் எல்லோரும் ஒரு முறை பார்த்துவிட்டார்கள்" என்றாள். அன்று அவள் சொன்ன அந்த ஒரு காரணத்துக்காகத்தான் இன்று முக்கால் மணி நேரம் கார் ஓட்டுகிறோம்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். சாஃப்ட்பாலில் ஆட்டத்தின் பிடி முழுக்க பிட்சர் கையில். பேஸ்பாலில் தொடக்க பிட்சர் ஒருமுறை ஆடினால் நான்கைந்து நாள் ஓய்வு தருவார்கள். சாஃப்ட்பாலில் கீழிருந்து வீசும் முறை தோளை அந்த அளவுக்கு வாட்டுவதில்லை என்ற நம்பிக்கையில், நல்ல பிட்சரை அடுத்த நாளும் இறக்குவார்கள், தேவைப்பட்டால் அதே நாளிலும் இறக்குவார்கள். அதனால் டபுள்ஹெடரின் இரண்டாவது ஆட்டம் தொடங்கும்போது பயிற்சியாளர் முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது. அவர் மிகவும் நம்பும் கையை மறுபடி நீட்டுவதா, இரண்டாம் பிட்சரைக் கொண்டு தொடங்கி, நெருக்கடி வந்தபின் முதலாமவரைக் கூப்பிடுவதா? முதல் ஆட்டத்தில் எத்தனை பந்து வீசினாள், எந்தப் பந்தை யார் அடித்தார்கள் என்பதெல்லாம் இந்த முடிவுக்குள் வரும்.

மட்டையாளர்கள் பக்கம் இதைவிடச் சுவையானது. முதல் ஆட்டத்தில் ஒருத்தி மூன்று முறை மட்டை பிடித்தால் பத்துப் பதினைந்து பந்தாவது பார்த்திருப்பாள். எழும்பி வருவது போல் வரும் ரைஸ் பால் எங்கே தொடங்குகிறது, கடைசி நேரத்தில் விழும் டிராப் பால் எந்த உயரத்தில் கிளம்புகிறது, வேகம் குறைந்த சேஞ்ச்-அப் வீசும்போது மணிக்கட்டு எப்படித் திரும்புகிறது என்பதெல்லாம் அவள் கண்ணில் பதிந்திருக்கும். டெஸ்ட் மேட்சின் இரண்டாவது இன்னிங்ஸில் சுழற்பந்து வீச்சாளர் திரும்ப வரும்போது மட்டையாளர் ஆடும் முறையே மாறியிருக்கும் அல்லவா, அதே கதைதான். இங்கே நாம் நான்கு நாள் காத்திருக்க வேண்டியதில்லை. அரை மணி நேரம் போதும்.

போன ஏப்ரலில் யூயிங்கில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எதிரணியின் பிட்சர் முதல் ஆட்டம் முழுவதையும் வீசினாள். மூன்றாவதாக வந்து மட்டை பிடித்த இடதுகைப் பெண்ணை இரண்டு முறை டிராப் பாலால் ஏமாற்றினாள். இரண்டு முறையும் பந்து விழுந்தபிறகே மட்டை வந்தது. என் ஸ்கோர் நோட்டில் ஒரே வரிசையில் இரண்டு 'கே' (ஸ்ட்ரைக்அவுட், அதாவது பந்தை அடிக்க முடியாமல் ஆட்டமிழந்ததற்கான குறி). இரண்டாவது ஆட்டத்தை வேறு பிட்சர் தொடங்கினாள். ஐந்தாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் பேஸில் நின்றபோது பழையவளையே திரும்பக் கொண்டுவந்தார்கள். அதே இடதுகைப் பெண் மட்டையோடு வந்தாள். மகள் என் முழங்கையைத் தட்டி, "காலைப் பாருங்கள்" என்றாள். முதல் ஆட்டத்தில் மட்டைக் கட்டத்தின் பின்கோட்டை ஒட்டி நின்றவள், இப்போது பிட்சரை நோக்கி ஒன்றரை அடி முன்னே வந்து நின்றிருந்தாள். பந்து விழுவதற்கு முன்பே அதைத் தொட்டுவிட வேண்டும் என்று. முதல் பந்தை விட்டாள். இரண்டாவது டிராப் பால். விழத் தொடங்கும் இடத்திலேயே மட்டை போய்ச் சேர்ந்தது. பந்து ஃபீல்டர்களுக்கு நடுவே வேலிவரை உருண்டு போக, பேஸில் நின்ற இருவரும் ஓடி வந்து ரன் எடுத்தார்கள். முதல் ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்கு அது ஒரு நல்ல அடி. எங்களுக்கு அது மூன்று மணி நேரமாக வளர்ந்துவந்த ஒரு பதில்.

இதைப் பெரிய மேடையிலும் பார்த்தோம். 2025 ஜூனில் ஓக்லஹோமா சிட்டியின் டெவன் பார்க்கில் நடந்த, கல்லூரி சாஃப்ட்பாலின் தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பெண்கள் கல்லூரி உலகத் தொடரின் இறுதிச் சுற்றில் டெக்சஸும் டெக்சஸ் டெக்கும் மோதின. பத்து லட்சம் டாலருக்கு மேல் ஒப்பந்தம் பெற்று டெக்சஸ் டெக்கில் சேர்ந்திருந்த நைஜாரி கேனடி, அந்தத் தொடரில் அதுவரை தன் அணிக்காக வீசப்பட்ட ஒவ்வொரு பந்தையும் தானே வீசியிருந்தார். இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம் 2-1 என்று டெக்சஸுக்கு, இரண்டாவது 4-3 என்று டெக்சஸ் டெக்குக்கு. மூன்றாவது நாள், முதல் இன்னிங்ஸிலேயே டெக்சஸ் ஐந்து ரன் எடுத்தது. கேனடியை வெளியே எடுத்தார்கள். 10-4 என்று வென்று டெக்சஸ் தன் முதல் பட்டத்தைப் பெற்றது. களைப்பும் இருந்திருக்கும். ஆனால் அந்த மட்டையாளர்கள் அவரது பந்தை மூன்றாவது நாளாகப் பார்க்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. மூன்று நாளில் நடந்த அந்தப் படிப்பைத்தான் டபுள்ஹெடர் ஒரே மதியத்தில் நடத்திக் காட்டுகிறது. சனிக்கிழமை மட்டும் ரட்கர்ஸ் போகிறவருக்கு அந்தப் பாடத்தின் நடுப்பக்கம் மட்டுமே கிடைக்கிறது.

இன்னொன்று, கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். கல்லூரி சாஃப்ட்பாலில் ஐந்து இன்னிங்ஸ் முடிந்தபின் எட்டு ரன் முன்னிலை இருந்தால் ஆட்டத்தை அத்தோடு நிறுத்திவிடுவார்கள். ரட்கர்ஸில் ஒருமுறை அப்படி முடிந்து, உட்கார்ந்த இடம் சூடாவதற்குள் வீடு திரும்பினோம். டபுள்ஹெடரில் முதல் ஆட்டம் அப்படிப் போனாலும் நாள் கெடுவதில்லை. நல்ல பிட்சர் அதிகம் வீசாமல் மிச்சமிருப்பதால் இரண்டாவது ஆட்டம் இன்னும் இறுக்கமாகக்கூட அமையலாம்.

இடைவெளியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்த அரை மணி நேரத்தில் மண் தரையை வாரி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோட்டைப் புதிதாகப் போடுகிறார்கள். பெற்றோர்கள் மடிப்பு மேசைகளைத் திறந்து வீட்டிலிருந்து கொண்டுவந்த உணவை எடுத்து வைக்கிறார்கள். வேலியோரம் இரண்டாம் பிட்சர் கேட்சரோடு பந்து போட்டுப் பார்க்கிறாள். பந்து கையுறையில் விழும் ஓசை ஒவ்வொன்றும் கேட்கும். மகள் அங்கேதான் போய் நிற்பாள். ஆட்டத்தின்போதும் அப்படித்தான். அணியினர் உட்காரும் டக்அவுட்டிலிருந்து பயிற்சியாளர் "நான்கு, ஒன்று, இரண்டு" என்று எண்களைச் சொல்ல, கேட்சர் மணிக்கட்டில் கட்டிய அட்டையைக் குனிந்து பார்த்து எந்தப் பந்து என்று பிட்சருக்குச் சைகை காட்டுவது பத்தடி தூரத்தில் நடக்கிறது. பெரிய மைதானத்தில் ஒலிபெருக்கிப் பாட்டில் இதெல்லாம் அமுங்கிவிடும்.

குறைகளை மறைக்கவில்லை. மார்ச் மாதத்தில் ஐந்து மணி நேரம் அலுமினிய பெஞ்சில் உட்காருவது உடம்புக்கு ஆகாது. நான்கு மணிக்குமேல் காற்று எலும்புவரை போகும். கம்பளி, தடித்த மெத்தை, பிளாஸ்கில் காபி, காலுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ் இல்லாமல் போகாதீர்கள். மழைக்கு ஆட்டம் தள்ளிப்போனால் வேலை நாளின் மதியத்துக்குப் போய்விடுகிறது. அப்படி இரண்டு நாட்களை இழந்தோம். சிறு குழந்தைகள் இருந்தால் இரண்டாவது ஆட்டத்தை முழுதாகப் பார்க்க விடமாட்டார்கள். அவர்களுக்கு ரட்கர்ஸ்தான் சரி. ஒரு ஆட்டம், கால் மணி நேரத்தில் வீடு. சாஃப்ட்பாலை முதல்முறை பார்க்கப் போகிறவர்களையும் அங்கேயே அனுப்புவேன், ஏனென்றால் உயர்ந்த தரத்தை ஒரு முறையாவது நேரில் பார்க்க வேண்டும்.

நடுவே பிரின்ஸ்டன் என்று ஒன்று இருக்கிறது. அது ஆடும் ஐவி லீக்கின் அணிகள் சனிக்கிழமை டபுள்ஹெடரும் ஞாயிறன்று ஓர் ஆட்டமும் ஆடுகின்றன. முதல் பிரிவின் தரமும் இரட்டை ஆட்டமும் ஒரே இடத்தில் கிடைப்பதால், தாளில் பார்த்தால் அதுவே சிறந்தது. ஆனால் நாங்கள் போனது ஒரே ஒரு முறை, அன்றும் இரண்டாவது ஆட்டத்தின் பாதியில் கிளம்ப நேர்ந்தது. அதை வைத்துத் தீர்ப்பு எழுத எனக்கு மனம் வரவில்லை. யூயிங் அனுபவமும் ஒன்றரைப் பருவம்தான். ரட்கர்ஸில் மூன்று பருவம் பார்த்திருக்கிறேன் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

போகிறவர்களுக்கு உட்காரும் இடம் பற்றி ஒரு யோசனை. முதல் ஆட்டத்தை ஹோம் பிளேட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். பந்து எந்தப் பக்கம் வளைகிறது என்பது அங்கிருந்துதான் தெரியும். இடைவெளியில் எழுந்து பக்கவாட்டுக்கு மாறிவிடுங்கள், முதல் பேஸோ மூன்றாவது பேஸோ. மட்டையாளரின் கால் எங்கே நிற்கிறது என்பது பக்கவாட்டில்தான் தெரியும். ஸ்கோர் நோட்டில் நான் இப்போது 'கே'க்குப் பக்கத்தில் ஒரு சிறு கோடு போட்டு வைக்கிறேன். கட்டத்தின் பின்னால் நின்றாளா, முன்னால் நின்றாளா என்பதற்கு. வரும் சனிக்கிழமை ஒரு மணிக்கு ஆட்டம். பன்னிரண்டுக்குக் கிளம்பினால் பிட்சர்கள் கை சூடேற்றுவதைப் பார்க்கலாம் என்கிறாள் மகள். பதினொன்றரைக்கே கிளம்பிவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.