பூட்டிக்கொண்ட சர்வருக்குள் திரும்ப நுழைய: டைமரா, கன்சோலா, மீட்பு டிஸ்க்கா?

தொலைவில் இருக்கும் சர்வரின் நெட்வொர்க் அமைப்பை எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக லாகின் ஆகும் முறை) வழியாகவே மாற்றுவது, நுனிமரத்தில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டுகிற வேலை. ஐபி முகவரியில் ஓர் எண்ணோ ஃபயர்வாலில் ஒரு வரியோ பிசகினால் போதும். மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், நம்மால்தான் உள்ளே போக முடியாது. நாங்கள் பார்த்துக்கொள்ளும் லினக்ஸ் சர்வர்களுக்கு இதற்கென ஒரு நிலையான ஏற்பாடு தேவைப்பட்டபோது நான்கு வழிகளை எடைபோட்டேன்: தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும் டைமர், நெட்வொர்க் இல்லாமல் சீரியல் போர்ட் வழியாக நுழையும் சீரியல் கன்சோல், சர்வர் போர்டிலேயே இருந்து அதைக் கட்டுப்படுத்தும் சிறு கம்ப்யூட்டரான பிஎம்சி, வெளியிலிருந்து பூட் செய்யும் மீட்பு டிஸ்க். முதல் இடம் டைமருக்கு, அதற்குப் பின்னால் சீரியல் கன்சோல் என்று முடிவு செய்தேன்.

டைமர் பூட்டிக்கொள்வதற்கு முன்னால் வைப்பது, மற்ற மூன்றும் பூட்டிக்கொண்ட பிறகு தேடுவது, இவற்றை எப்படி ஒப்பிடுவது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எதற்கு நேரமும் பணமும் ஒதுக்குவது என்று வரும்போது நான்கும் ஒரே வரிசையில்தான் வந்து நிற்கின்றன. வேகத்தையும் விலையையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: டைமர் இலவசம், பிஎம்சி உள்ள சர்வர் விலை கூடுதல், மீட்பு டிஸ்க் ரொம்ப நேரம் இழுக்கும். என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. வருடக்கணக்கில் யாரும் தொடாமல் கிடக்கும் ஒரு வழி, அவசரத்துக்குத் தேடும்போது வேலை செய்யுமா?

உபுண்டுவில் நெட்வொர்க்கை அமைக்கும் நெட்பிளான் கருவியின் நெட்பிளான் டிரை கட்டளையை எடுத்துக்கொள்வோம். புதிய அமைப்பைப் போட்டுவிட்டு 120 விநாடியிலிருந்து கீழே எண்ண ஆரம்பிக்கும். அதற்குள் என்டர் தட்டி உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்பு திரும்பி வந்துவிடும். ஃபயர்வால் விதிகளுக்கு ஐபிடேபிள்ஸ் அப்ளை இதே வேலையைச் செய்கிறது. அது தானாகத் தரும் அவகாசம் வெறும் 10 விநாடி, கொஞ்சம் கூட்டிக்கொள்வது நல்லது. ஜூனிபர் கருவிகளில் கமிட் கன்ஃபர்ம்டு கொடுத்தால் 10 நிமிடம் கிடைக்கும். சிஸ்கோவில் முதலில் ரீலோடு இன் 5 என்று வைத்துவிட்டு மாற்றத்தைச் செய்வார்கள். கான்ஃபிக்கைச் சேமிக்காத வரை, ரீஸ்டார்ட் ஆகும்போது பழையதுதான் ஏறும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வாசல்) மட்டும் தப்பாகிவிட்டது என்று வையுங்கள். நாம் அனுப்பும் பாக்கெட்டுகள் சர்வருக்குப் போய்ச் சேரும், பதில்தான் வழி தெரியாமல் தொலையும். திரை உறைந்து நிற்கும். என்ன ஆயிற்று என்று எரிச்சலில் என்டரைத் தட்டினால், அந்த என்டர் சர்வரை அடைந்து தப்பான அமைப்பையே உறுதி செய்துவிடும். அதனால் திரை உறைந்தால் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். இன்னொரு ஜன்னலில் புதிதாக எஸ்எஸ்எச் போட்டுப் பார்த்து, அது உள்ளே விட்டால் மட்டும் பழைய ஜன்னலுக்கு வந்து என்டர். ஏற்கெனவே இருக்கும் இணைப்புகளை அனுமதிக்கும் விதி ஃபயர்வாலில் இருந்தால் பழைய ஜன்னல் நன்றாகவே ஓடும், புதிதாக யாரும் நுழைய முடியாது. அதனால்தான் புது இணைப்பிலேயே சோதிக்க வேண்டும். எஸ்எஸ்எச்சில் மல்டிபிளெக்சிங் (ஒரே இணைப்பைப் பல ஜன்னல்கள் பகிர்ந்துகொள்வது) போட்டிருப்பவர்கள் சோதனைக்கு அதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் புது ஜன்னலும் பழைய இணைப்பிலேயே தொற்றிக்கொண்டு, எல்லாம் சரி என்று ஏமாற்றும்.

ஐபி முகவரியையே மாற்றும்போது பழைய ஜன்னல் செத்துவிடும், என்டர் தட்ட வழியிருக்காது. அதற்கு, இணைப்பு அறுந்தாலும் உள்ளே ஓடுவதை விடாமல் வைத்திருக்கும் டிமக்ஸுக்குள் கட்டளையை ஓட்ட வேண்டும். புதிய முகவரியில் நுழைந்து அதே டிமக்ஸை எடுத்து உறுதி செய்யலாம்.

நெட்பிளான் இல்லாத இடத்தில் கையாலேயே ஒன்று கட்டிக்கொள்ளலாம். பழைய கோப்பைப் பிரதி எடுத்து வைத்து, 5 நிமிடம் கழித்து அதைத் திரும்ப வைத்து நெட்வொர்க்கை மறுபடி தொடங்கும் சின்ன ஸ்கிரிப்டை, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் சிஸ்டம்டி ரன், ஆட் ஆகிய கட்டளைகளில் ஒன்றின் மூலம் முன்கூட்டியே ஏற்றிவிட வேண்டும். வெறும் ரீபூட்டை டைமராக வைத்தால், கோப்பைத் தொடாமல் செய்த மாற்றத்துக்கு மட்டுமே அது பலிக்கும். அப்புறம், எல்லாம் சரியாகிவிட்டால் அந்த வேலையை ரத்து செய்ய மறக்கக் கூடாது. மறந்தால் நல்ல அமைப்பைத் தூக்கிவிட்டுப் பழையது வந்து உட்காரும், காரணம் தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

டைமரை நான் விரும்புவதற்குக் காரணம், அதை ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பயன்படுத்துகிறோம் என்பதே. அது வேலை செய்கிறதா என்ற சந்தேகமே வருவதில்லை. அதற்கென்று தனி பாஸ்வேர்டு, ஐபி, ஃபர்ம்வேர் எதுவும் கிடையாது.

அதற்கும் எல்லை உண்டு. பல போர்ட்டுகளை ஒன்றாக இணைக்கும் பாண்டு, பிரிட்ஜ் ஆகியவற்றுக்கான தனி அளவுருக்களைத் திருப்பி எடுக்க முடியாது என்று நெட்பிளான் டிரையே சொல்லிவிடும். சுவிட்ச்சில் விலேன் (ஒரே சுவிட்ச்சுக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) மாறினால் சர்வரில் ஓடும் டைமரால் ஒன்றும் செய்ய முடியாது. மெஷின் அடுத்த ரீபூட்டில் எழவே இல்லை என்றாலும் அதே கதை. அங்கேதான் கன்சோல் வேண்டும்.

சீரியல் கன்சோல் பழைய தொழில்நுட்பம், அதுதான் அதன் பலம். கெர்னலுக்கு டிடிஒய்எஸ்0 (முதல் சீரியல் போர்ட்), வேகம் 115200 என்று சொல்லிவிட்டு, அந்தப் போர்ட்டில் லாகின் கேட்கும் சீரியல் கெட்டி சேவையை இயக்கினால் முடிந்தது. ஐபி இல்லாமலே வேலை செய்யும். வேகம் பொருந்தாவிட்டால் குப்பையாக எழுத்துகள் வரும், அவ்வளவுதான் தொல்லை. ஆனால் லாகின் என்று கேட்டுக்கொண்டு நிற்கும்போது எதைத் தட்டுவது? இன்று பல சர்வர்களில் எஸ்எஸ்எச் சாவி மட்டும்தான் இருக்கிறது, எந்தப் பயனருக்கும் பாஸ்வேர்டே வைத்திருக்க மாட்டார்கள். கிளவுட் இமேஜ்களில் இது வழக்கம். அமேசானின் இசி2 சீரியல் கன்சோல்கூட, உள்ளே பாஸ்வேர்டு உள்ள பயனர் இருந்தால்தான் லாகின் ஆக விடும். கதவு இருந்தும் சாவி இல்லை என்ற நிலை. ஒரு பயனருக்கு நீளமான பாஸ்வேர்டு வைத்து, எஸ்எஸ்எச்சில் பாஸ்வேர்டு நுழைவைத் தடுத்து, அந்தப் பாஸ்வேர்டைப் பாஸ்வேர்டு மேனேஜரில் போட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை கன்சோலில் நுழைந்து பாருங்கள். சீரியலுக்கான பராமரிப்பு இவ்வளவுதான்.

பிஎம்சி, அதாவது ஹெச்பியின் ஐலோ, டெல்லின் ஐடிராக் வகையறா, வசதியில் இதைவிட ஒரு படி மேல். பவரை அணைத்துப் போடலாம், பயாஸைப் பார்க்கலாம், டிஸ்க்கின் கோப்புப் பிரதியான ஐஎஸ்ஓவை ஏற்றி பூட் செய்யலாம். நூற்றுக்கணக்கில் சர்வர்கள் வைத்திருப்பவர்களுக்கு இது இல்லாமல் ஆகாது என்றே நினைக்கிறேன். அந்த அளவில் நான் பராமரித்ததில்லை என்பதால் அடித்துச் சொல்லவில்லை. என் பார்வையில் இது சர்வருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர்: தனி ஐபி, தனி பாஸ்வேர்டு, தனி ஃபர்ம்வேர். பிஎம்சியோடு பேசப் பயன்படும் ஐபிஎம்ஐ 2.0 நெறிமுறையின் வடிவமைப்பிலேயே, பயனர் பெயர் தெரிந்த யாரும் லாகின் ஆகாமலே பாஸ்வேர்டின் ஹேஷை (பாஸ்வேர்டை ஊகித்துச் சரிபார்க்க உதவும் மாற்றுருவை) வாங்கிவிடலாம். ஆகவே யுடிபி 623 போர்ட்டை வெளியே திறந்து வைக்கக் கூடாது. அதற்கென்று தனி நெட்வொர்க், தனி விபிஎன் என்று வேலை நீளும். சில மாடல்களில் திரையைப் பார்க்கவே தனி லைசென்ஸ் வேண்டும். பழைய மாடல்களோ ஜாவா ஆப்லெட் கேட்கும், இன்றைய பிரவுசரில் அது ஓடாது. இன்னொரு பொறி: பிஎம்சிக்குத் தனிப் போர்ட் இல்லாமல் சர்வரின் முதல் போர்ட்டையே பகிர்ந்துகொள்ளும் அமைப்பு. அந்தப் போர்ட்டின் விலேனை மாற்றினால் சர்வரும் போகும், காப்பாற்ற வேண்டிய பிஎம்சியும் கூடவே போகும்.

மீட்பு டிஸ்க்கைச் சுருக்கமாக முடித்துவிடலாம். யுஎஸ்பியிலிருந்து பூட் செய்து, டிஸ்க்கை மவுன்ட் செய்து, கோப்பைத் திருத்த வேண்டும். கிளவுடில் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு மெஷினில் மாட்டித் திருத்துவார்கள். எதற்கும் மசியாத சிக்கலுக்கும் இது வழி தரும், ஆனால் சர்வரை நிறுத்தியாக வேண்டும், டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருந்தால் அதன் சாவி கையில் இருக்க வேண்டும். கிளவுட் மெஷினைத் தொடக்கத்தில் தயார் செய்யும் கிளவுட் இனிட் எழுதும் நெட்பிளான் கோப்பைத் திருத்தியிருந்தால், அது மறுபடி எழுதப்பட்டுத் திருத்தம் காணாமல் போகலாம் என்பதையும் கவனியுங்கள்.

இந்த நான்கிலும் சேராத ஒன்று இருக்கிறது, பலர் அதை முயன்று பார்ப்பதில்லை. ஐபிவி4 அமைப்பு எவ்வளவு குழம்பியிருந்தாலும், ஐபிவி6 அணைக்கப்படாமல் இருந்தால் சர்வரின் நெட்வொர்க் இன்டர்ஃபேஸுக்கு எஃப்இ80 என்று தொடங்கும் லிங்க் லோக்கல் முகவரி (அதே நெட்வொர்க்குக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி) இருக்கும். அதே சுவிட்ச்சில், அதே விலேனில் இன்னொரு மெஷினுக்குள் நுழைய முடிந்தால், அங்கிருந்து எஃப்எஃப்02::1 முகவரிக்குப் பிங் போட்டு பக்கத்து மெஷின்களின் முகவரிகளைப் பார்த்து, எஸ்எஸ்எச் முகவரிக்குப் பின்னால் சதவீதக் குறியும் இன்டர்ஃபேஸ் பெயரும் சேர்த்து நுழையலாம். கேட்வே தேவையில்லை, யாரும் நேரில் போக வேண்டியதில்லை. ஐபி முகவரியையோ கேட்வேயையோ தப்பாகப் போட்டிருந்தால் கன்சோலைத் திறப்பதற்கு முன் இதைத்தான் முதலில் பார்ப்பேன். ஐபிவி6 ஃபயர்வாலும் சேர்ந்து அடைத்திருந்தால் மட்டும் சீரியலுக்குப் போவேன்.